ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாணம்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் மாடிவீடு கட்டினேன். நெல்லித்தோப்பில் வாடகைப் பாத்திரக் கடை வைத்தேன். பாத்திரங்களுக்கு வேலை வேண்டுமே என்று பக்கத்திலேயே கல்யாண மண்டபம் எழுப்பினேன். நான் வேலை பார்த்த மில் மூடியபோது என்னிடம் இருந்ததோ எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. அறுபதைத் தாண்டி, போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே, மண்டபத்துக்கு வெப்சைட்டும் நானே செய்தேன். தேதியைத் தொட்டால் மண்டபம் உங்களுக்கு! குருசுக்குப்பத்திலிருந்து பாரிஸ் வரை தொட்டார்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த மருமகள் மட்டும் வெப்சைட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மாமா, ரெண்டு பேரு ஒரே நேரத்துல தொட்டா?"

"ரெண்டு பேருக்கும் சந்தோஷம். சந்தேகப்படத்தான் காலேஜ்ல சொல்லித் தராங்களா?"

தை மாதத்து முகூர்த்தம் ஒன்றை அப்படியே இரண்டு பேர் தொட்டுவிட்டார்கள். 'மண்டபம் உறுதி' என்று இருவருக்கும் பதில் போயிருக்கிறது. அவ்வளவு வேகம் என் வெப்சைட்! பத்திரிகை அடித்துக்கொண்டு இருவரும் ஒரே நாளில் வந்து நின்றார்கள். ஒருவர் அரிசிக்கடைக்காரர். மற்றவர் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர்; அவருக்கு 'சார்' என்றாலே 'முசே'தான்.

"ஒரே மேடையில ரெண்டு மாப்ளயா? எங்கய்யா நடக்கும்?" என்று அரிசிக்கடைக்காரர் எகிறினார்.

"முசே, பாரிஸ்ல எல்லாரும் டிக்கெட் போட்டுட்டாங்க" என்றார் பென்ஷன்காரர், தலையில் கை வைத்து.

மருமகள் முகம் வெளிறிவிட்டது. மண்டபத்தின் பேர் போனால் எல்லாமே போச்சு. நான் இரண்டு பத்திரிகைகளையும் வாங்கிப் படித்தேன். அரிசிக்கடைக்காரர் வீட்டில் காலையில் தாலி; மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார்கள். மற்றவர் வீட்டில் சாயந்திரம் சர்ச்சில் பூசை. விருந்தே அதற்குப் பிறகுதான்.

"நீங்க மத்தியானம் கெளம்புங்க. முசே, நீங்க சாயந்திரம் வாங்க. நடுவுல நான் கழுவி விட்டுர்றேன்."

பென்ஷன்காரர் யோசித்தார். "வாசல்ல வாழமரம் இருக்குமே?"

"இருக்கட்டுமே முசே, போட்டோவுக்கு நல்லாருக்கும்!"

அரிசிக்கடைக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மேடைப் பூவையும் விட்டுட்டுப் போறேன், வச்சுக்குங்க" என்றார்.

அன்று நான் ஓடிய ஓட்டம்! நாயனம் இறங்கிய படியிலேயே பாண்டு வாத்தியம் ஏறியது. சாம்பார் அண்டா வெளியே போன வாசலில் கேக் உள்ளே வந்தது. சாயந்திர விருந்துக்கு அரிசிக்கடைக்காரர் குடும்பத்தோடு திரும்பி வந்து, கடைசிவரை ஆடினார்.

அந்த வாரமே மருமகள் உட்கார்ந்து வெப்சைட்டைச் சரிசெய்தாள். ஒருவர் தேதியில் விரல் வைத்ததும் மற்றவர்களுக்கு அது பூட்டிக்கொள்கிறது.

"இத எங்கம்மா கத்துகிட்ட?"

"காலேஜ்லதான் மாமா."

சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பூட்டு எனக்குப் போடத் தெரியாது. ஆனால், "காலைக்கு ஒரு பூட்டு, சாயந்திரத்துக்கு ஒரு பூட்டு போடும்மா" என்று சொன்னது யார்? இப்போது ஒரே நாளில் இரண்டு குடும்பம் சண்டையில்லாமல் வந்து போகிறது.

வெப்சைட்டின் அடியிலோ அவள் பெயரும் பட்டமும் மட்டும் இருக்கின்றன. பக்கத்தில் என் பெயரும் வரவேண்டும், அதே அளவு எழுத்தில். பட்டம் போடும் இடத்தில் எட்டாம் வகுப்பு என்றே போடட்டும். அடுத்த முகூர்த்தத்துக்குள் போட்டாக வேண்டும்.