முட்டைத் தட்டில் ஒளித்த பெப்டைட்

என் வலது தோளின் தசைநாண் கிழிந்தபோது நான் வேலையைப் பற்றிக் கவலைப்படவில்லை, டிரம்மைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். மாரிகுப்பத்தில் கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகும் எங்கள் சபையின் கேரல் ரவுண்ட்ஸுக்குப் பல வருடமாகப் பெரிய டிரம் அடிப்பவன் நான். அதன்மேல் என் மச்சினனுக்கு ஒரு கண்.

"மாமா, இந்த வருசம் நீங்க சும்மா கூட வாங்க. டிரம்ம நான் பாத்துக்கறேன்" என்றான். அக்கறையாம், அக்கறை!

டாக்டர் பொறுமையாக உடற்பயிற்சி செய்யச் சொன்னார். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். வேலைக்குப் போகும் பெங்களூரு ரயிலில் கூட வரும் ஜிம் கோச் ஒருவர், பெப்டைட் ஊசி போட்டால் தசைநாண் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று சத்தியம் செய்து ஒரு குப்பி கொடுத்தார். 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கல்ல' என்று அதில் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. மனைவி கண்ணில் பட்டால் தொலைந்தேன் என்று லேபிளைக் கிழித்தேன். ஊசி என்றாலே எனக்கு உதறும். ரப்பர் மூடியைப் பிடுங்கி, தூளைத் தண்ணீரில் கரைத்து, ஃப்ரிட்ஜில் முட்டைத் தட்டில் ஒளித்தேன். தைரியம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம்.

ஞாயிறு காலை சபையில், ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல மனைவி எழுந்தாள்.

"எங்கம்மா கன்வென்ஷன்ல குடுத்த ஜெப எண்ணெய் ஃப்ரிட்ஜுல கெடைச்சுது. முட்டியில தடவுனேன், வலி போயே போச்சு! எண்ணெய்தான், ஆனா பிசுக்கே இல்ல. அதுவே ஒரு அற்புதம்!"

சபை அல்லேலூயா என்றது. அது என் குப்பி என்று புரிந்து நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தேன்.

"இன்னாங்க உக்காந்துகினு இருக்கீங்க? வாங்க இங்க!" கையோடு கொண்டுவந்திருந்த குப்பியின் மிச்சத்தை என் தோளில் கவிழ்த்தாள். "விசுவாசத்தோட கைய தூக்குங்க."

தூக்கினேன். உயிர் போய் உயிர் வந்தது. தாரை தாரையாகக் கண்ணீர். அதையும் அற்புதத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டு, சபையார் மாலை ரவுண்ட்ஸில் டிரம்மை என் கழுத்திலேயே மாட்டிவிட்டார்கள். மச்சினன் முகம் சுண்டிப்போயிற்று.

முதல் வீட்டு வாசலில் குச்சியை ஓங்கினேன். கை பாதியில் நின்றுவிட்டது. மனைவி பக்கத்தில் வந்தாள்.

"வலிக்குதா?"

"இல்லியே."

"எனக்கு வலிக்குதுங்க" என்றாள் மெல்ல. "மத்தியானமே திரும்பி வந்துடுச்சு. அவ்ளோ பேர் எதிர்ல சொல்லிட்டு, இப்ப எப்படிச் சொல்றது?"

பாவமாக இருந்தது. குப்பி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் பாடத் தொடங்கியிருந்ததால் அவள் திட்டியது யார் காதிலும் விழவில்லை.

"மொதல்ல அந்த டிரம்ம கழட்டுங்க. நாளைக்கு ரெண்டு பேரும் டாக்டர்கிட்ட போறோம்."

கழற்றி மச்சினனிடம் கொடுத்தேன். சொல்லவே வயிறு எரிகிறது, என்னைவிட நன்றாக அடித்தான்.