உடைந்த கூலர் யாருடையது?

சாதாரண வங்கியொன்றின் கடன் பகுதியில் பல வருடம் இருந்துவிட்டு, திருகோணமலையில் இஸ்லாமிய வங்கிக் கிளையொன்றுக்கு மாறினேன். முதல் நாளே, கிண்ணியாவில் தயிர் வியாபாரம் செய்யும் பரீதா வந்து என் முன் கதிரையில் உட்கார்ந்தார்.

“சேர், தயிர் வைக்கப் பெரிய கூலர் ஒண்டு வாங்கோணும். காசு எப்ப கைக்கு வரும்?”

“காசு வராது. கூலர்தான் வரும்.”

அவர் சிரித்துவிட்டார். “நல்ல பேங்க் இது!”

விளக்கினேன். பழைய வங்கியில் பிணையாளர்களைக் கேட்போம், பணத்தைக் கொடுப்போம், வட்டியோடு அறவிடுவோம். வாங்கிய சாமான் என்ன ஆனாலும் தவணை நிற்காது. இங்கே முறாபஹா. கூலரை வங்கியே வாங்கி, தன் இலாபம் இவ்வளவு என்று சொல்லி, அவருக்குத் தவணையில் விற்கும்.

“பேர்தான் வேற. ரெண்டும் ஒண்டுதானே சேர்?”

எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

கொழும்பிலிருந்து கூலர் வந்த அன்று, அதைப் பொறுப்பெடுத்து அவருக்கு விற்று ஒப்படைக்க நானும் கிண்ணியாவுக்குப் போனேன். லொறியிலிருந்து இறக்கும்போது கயிறு அறுந்தது. கூலர் குப்புற விழுந்து, கண்ணாடி நொறுங்கி, கொம்பிரசர் மணலில் உருண்டது. பெருநாளுக்கு ஓடர் எடுத்திருந்த பரீதா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மனேஜருக்குப் போன் எடுத்தேன். அவரும் சாதாரண வங்கியிலிருந்து வந்தவர்தான்.

“வாசலுக்கு வந்திட்டுதுதானே? பாரமெடுத்ததா ஒரு கையெழுத்து வாங்குங்கோ. பிறகு அவவின்ர பாடு.”

“ஏலாது சேர். அவவுக்கு நாங்கள் இன்னும் விக்கேல்ல. விழுந்தது எங்கட கூலர். இப்ப கையெழுத்து வாங்கினா, நாங்களும் வட்டிக்குக் குடுத்த ஆக்கள்தான்.”

மனேஜர் பெருமூச்சு விட்டார்.

“சரி, நட்டம் எங்களோடயே போகட்டும். புதுசு ஒண்டுக்குச் சொல்லுங்கோ.”

பரீதா நம்பவில்லை. “அப்ப இதுக்கு நான் ஒண்டும் கட்டத் தேவையில்லையா?”

“இல்ல. புதுக் கூலர் வந்து, நீங்கள் பாரமெடுத்தாப் பிறகுதான் உங்கட தவணை தொடங்கும்.”

பெருநாளுக்கு முதல் புதுக் கூலர் வந்து சேர்ந்தது. உடைந்ததற்கு நட்டஈடு கேட்டு லொறிக்காரரோடு மல்லுக்கட்டுவது மட்டும் எங்களுக்கு மாதக்கணக்கில் நீடித்தது.

இஸ்லாமிய வங்கித் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இலாபத்தைக் கணக்குப் போட முதல், சாமான் வழியில் உடைந்தால் நட்டம் யாருக்கு என்று கேளுங்கள். அது நமக்கில்லை என்றால், நாம் எதையும் விற்கவில்லை.