மொட்டைக்கு முன் எடுத்த படம்

தம்பி பிறந்ததுமே, குப்புற விழுந்தால் ஒரு போட்டோ, உட்கார்ந்தால் ஒன்று, நின்றால் ஒன்று என்று அப்பா திட்டம் போட்டுவிட்டார். கிட்வாய் நகர் ஸ்டூடியோவில் ஒவ்வொரு தடவையும் அவனைச் சிரிக்க வைக்கக் கிலுகிலுப்பை ஆட்டியது நான். கைக்குழந்தையாக என்னை யாரும் படம் எடுத்ததில்லை. கேட்டதற்கு, "பொண்ணுக்கு எதுக்குடி அதெல்லாம்?" என்றாள் அம்மா.

மொட்டை போடுவதற்கு முன், வழக்கப்படி அவனுக்குப் பெண் வேஷம் போட்டுப் படம் எடுத்தார்கள். என் பட்டுப்பாவாடையை மடித்துக் கட்டி, என் சங்கிலியைப் போட்டு, குட்டிப் பின்னலில் பூ வைத்தார்கள். அந்தப் படம் ஹாலிலேயே தொங்கியது.

வருஷங்கள் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்த மாமி அதைப் பார்த்துவிட்டு, "பொண்ணு அப்பவே என்ன லட்சணம்" என்றாள்.

கொஞ்சமும் கூசாமல் அம்மா சொன்னாள்: "ஆமா, ஒரு வயசுல எடுத்தது."