பெரியப்பா இரண்டு முறை கட்டிய கார் ஷெட்

எங்கள் பெரியப்பா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களும், அவருடைய காரில் ஒரு முறையாவது ஏறிச் சென்ற நண்பர்களும் கையில் வைத்திருக்கும் இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று சொன்னவர் பெரியம்மா.

"நல்லதை மட்டும் எழுதாத கண்ணு. நடந்ததையும் எழுது. அதை உட்டுட்டு எழுதுனா அது உங்க பெரியப்பாவாவே இருக்காது" என்றார்.

என் அம்மாவிடமும் கேட்டேன். அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார். பிறகு, "எழுது" என்றார். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். கொமரலிங்கத்தில் பிறந்தவர். அமராவதி வாய்க்கால் பாயும் சிறிய வயலும் ஒரு ஜோடி மாடும் அந்தக் குடும்பத்துக்கு இருந்தன. ஊரில் வாந்திபேதி பரவிய ஒரு கோடையில் பெற்றோர் இருவரையும் அவர்கள் இழந்தார்கள். அப்போது என் அப்பா பள்ளிக்கூடம் போகும் வயதைக்கூட எட்டவில்லை. பெரியப்பாவுக்கு மீசை அரும்பத் தொடங்கிய வயது. ஆளுக்கொருவரை வளர்க்கிறோம் என்று பங்காளிகள் சொன்னபோது, தம்பியைப் பிரிந்து இருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கு வந்தவர் அவர்.

ஒரு பனியன் கம்பெனியில் மூட்டை கட்டும் வேலை கிடைத்தது. பிறகு முதலாளியின் காரைத் துடைக்கும் வேலை. டிரைவர் வராத ஒரு நாளில் அவரே அதை ஓட்டிக் காட்டினார். யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று முதலாளி கேட்டதற்கு, "பாத்துட்டேதானுங்க இருந்தேன்" என்றாராம். அதுதான் பெரியப்பா. கடிகாரமானாலும் கிணற்று மோட்டாரானாலும், ஒருவர் செய்வதைப் பார்த்துவிட்டால் போதும், தானும் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு. பெரும்பாலும் செய்தும் விடுவார். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் சோறு போட்டது அந்த நம்பிக்கைதான்.

என் அப்பாவை அவர் படிக்க வைத்தார், கம்பெனியில் கட்டிங் வேலையில் சேர்த்தார், திருமணம் செய்து வைத்தார். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் குழந்தைகள் இல்லை. ராயபுரத்தில் ஒரே வாசலுக்குள் நாங்கள் ஒரு பக்கமும் அவர்கள் ஒரு பக்கமுமாக இருந்தோம். அறுபதுகளின் தொடக்கத்தில் பெரியப்பா பழைய கறுப்புக் கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். பஞ்சு வியாபாரிகளையும் பனியன் முதலாளிகளையும் உடுமலை, பொள்ளாச்சி, கோவை என்று வாடகைக்கு அழைத்துச் செல்வார்.

காருக்கு நிழல் இல்லை. வெயிலில் பெயிண்டு உரிந்தது. மழையில் சீட்டு நனைந்தது. வீட்டை ஒட்டியே ஒரு சாய்ப்பு இறக்கிவிடலாம் என்றார் அப்பா. பெட்ரோல் வாடையும் அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று பெரியம்மா பயந்தார். ஆகவே பின்பக்கக் காலி இடத்தில், சந்துப் பக்கம் பார்த்த வாசலோடு, தனியாக ஒரு கார் ஷெட் கட்டுவது என்று முடிவாயிற்று. கொத்தனார் வேண்டாம், நாமே கட்டுவோம் என்றார் பெரியப்பா. அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கால் தோண்டினார்கள். நானும் அம்மாவும் பெரியம்மாவும் மண் சுமந்தோம். தைப்பூசத்துக்குக் காரை அலங்கரித்து உள்ளே விட வேண்டும், பிறகு எல்லோரும் பழனிக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இருந்த சிரிப்பு பிறகு ஒரு நாளும் இருந்ததில்லை.

அந்த இடத்தின் ஒரு மூலையில், எங்களுக்கு முன்பு குடியிருந்தவர்கள் நூலுக்குச் சாயம் போடும் குழி வைத்திருந்தார்கள். பிறகு சாம்பலையும் குப்பையையும் கொட்டி அதை மூடிவிட்டார்கள். இது எங்களுக்குத் தெரியாது. தோண்டும்போது அப்பாவுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

"அண்ணா, இந்த மூலையில மண்ணு மெத்துமெத்துனு இருக்குதுங்க. இன்னும் கொஞ்சம் தோண்டிப் பாக்கலாமுங்களா?"

"மழை வந்துருமடா. போதும், கல்லைப் போடு."

இந்தப் பேச்சு நடந்தபோது அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை.

சிமெண்டு கிடைப்பது அரிதாக இருந்த காலம். செங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டினார்கள். சுவர் எழும்பிச் சட்டங்களும் ஏறிவிட்டன. பாதி ஓடு வேய்ந்திருந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரமாக விடாமல் பெய்து, ஒரு ஞாயிறு காலையில் வெயில் அடித்தது. மிச்ச ஓட்டையும் வேய்ந்துவிடலாம் என்று இருவரும் போனார்கள். பெரியப்பா வெளியே ஏணியில் நின்றார். அப்பா உள்ளே நின்று சாரக் கட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்தார். அந்த மூலை மண்ணுக்குள் இறங்கியது. பின்சுவர் முழுவதும் உட்பக்கமாகச் சாய்ந்தது. அதன் மேல் சட்டங்களும் ஓடுகளும் விழுந்தன.

ஏணியோடு விழுந்த பெரியப்பாவுக்குத் தோள் எலும்பு விலகியிருந்தது. அந்தக் கையோடுதான் அவர் செங்கல்லை அள்ளி எறிந்தார். பக்கத்து வீட்டு நெசவுக்கார மாமா தறிக்குழியிலிருந்து ஓடி வந்தார். இருவருமாக அப்பாவை வெளியே எடுத்தபோது உயிர் இருந்தது. திருப்பூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கோவைக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். பெரியப்பாவே காரை ஓட்டினார். அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் இருந்தவர் நெசவுக்கார மாமா. அவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

"வழி நெடுக, 'தம்பி, தூங்கீராத, இதா வந்துட்டோம்'னு சொல்லீட்டே ஓட்டுனாரு சாமி. அவனாசி தாண்டறதுக்குள்ள மூச்சு நின்னுபோச்சு. நான் வாயைத் தொறக்கவே இல்லை. அவருக்கு எப்படித் தெரிஞ்சுதோ, பேச்சை நிறுத்திட்டாரு. கார் மெதுவாப் போக ஆரம்பிச்சுது."

என் தம்பிக்கு அப்போது நடக்கத் தெரியாது. அவனைத் தாய்மாமா இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் கையைப் பிடித்துக் கொள்ளி வைக்கச் செய்தார். எனக்கு எட்டு வயது.

விசாரித்துப் போன போலீஸ்காரர்கள் மழையால் சுவர் விழுந்தது என்று எழுதிக்கொண்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்களும் மழையைத்தான் திட்டினார்கள். காரியம் முடிந்த அன்று வாசல் நிறையச் சனம் இருந்தது. கையைத் தூளியில் கட்டியிருந்த பெரியப்பா எழுந்து நின்றார்.

"யாரும் மழையைச் சொல்ல வேண்டாமுங்க. அந்த மூலையில மண்ணு சரியில்லைன்னு தம்பி சொன்னான். இன்னும் தோண்டலாம்னான். நாந்தான் அவசரத்துல போதும்னு கல்லைப் போட்டேன். என்ற தம்பியைக் கொன்னது மழையில்லீங்க" என்றார்.

என் அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெரியப்பா சொல்லாமலே இருந்திருந்தால் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னதற்கான விலை என்ன என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அன்றிலிருந்து அம்மா அவரோடு பேசவில்லை.

தாய்மாமா எங்களை உடுமலைக்கு அழைத்துப் போக வந்தார். "நான் எதுக்குங்கண்ணா போகோணும்? இது எங்கூடு" என்றார் அம்மா. ஒரே வாசலில், ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு, பேசாமலே வாழ்ந்தார்கள். எங்களுக்கு அரிசி, பருப்பு, பள்ளிக்கூடத் துணி என்று எல்லாவற்றையும் பெரியப்பாதான் வாங்கி வந்தார். கொண்டுவந்து நடையில் வைத்துவிட்டு, "அம்மாகிட்டச் சொல்லு கண்ணு, எண்ணெய் போதலைன்னா நாளைக்கு வாங்கியாரேன்" என்று என்னிடம் சொல்வார். அம்மா அங்கேயே நின்றிருப்பார். "போதும்னு சொல்லு" என்று என்னைப் பார்த்துச் சொல்வார்.

விழாமல் மிஞ்சிய மூன்று சுவர்களும் அப்படியே நின்றன. இடிபாட்டில் ஆமணக்கு முளைத்தது. பெரியப்பா அந்தப் பக்கம் போவதே இல்லை. இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு அம்மா ஒரு நாள் பெரியம்மாவிடம், பெரியப்பாவின் காதில் விழும்படி சொன்னார்: "தெனமும் அதைப் பாத்துக்கிட்டேதான் நான் ஏனம் கழுவறேனுங்கக்கா. ஒண்ணு மண்ணோட மண்ணா ஆக்கச் சொல்லுங்க. இல்லைன்னா ஒழுங்காக் கட்டச் சொல்லுங்க."

மறுநாளே பெரியப்பா கடப்பாரையை எடுத்தார். மூன்று சுவர்களையும் இடித்தார். கடைக்கால் கல்லையெல்லாம் பிடுங்கி எடுத்தார். பிறகு அந்த மூலையைத் தோண்டத் தொடங்கினார். உதவிக்கு வந்த யாரையும் குழிக்குள் இறங்க விடவில்லை. சாம்பல் வந்தது, ஓட்டைப் பானைகள் வந்தன, சிவப்பும் நீலமுமாகச் சாயமேறிய மண் வந்தது. வாடகை ஓட்டம் இல்லாத நேரமெல்லாம் குழிக்குள்தான் இருந்தார். அவருடைய தோள் முழுதாகச் சரியாகவில்லை. ஒரு கையாலேயே வெட்டி, அதே கையால் கூடையை மேலே தள்ளுவார். தலை மறையும் ஆழத்தில் பாறை தட்டியது. பாறையைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டு மேலே ஏறி வந்தார்.

"கண்ணு, அம்மாவை வந்து ஒருக்காப் பாக்கச் சொல்லு."

அம்மா வந்தார். குழியின் விளிம்பில் நின்று பார்த்தார். சேலையை வரிந்து செருகிக்கொண்டு, ஏணி வழியாகக் குழிக்குள் இறங்கினார். கடப்பாரையை எடுத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். ணங் என்று சத்தம் கேட்டது. சற்றுத் தள்ளி இன்னொரு குத்து. சுவர் ஏறப்போகிற இடமெல்லாம் குத்திக் குத்திக் கேட்டார். பெரியப்பா மேலே தலை குனிந்து நின்றிருந்தார். அம்மா ஏறி வந்து கடப்பாரையை அவர் காலடியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். அன்றுதான் பெரியப்பா அழுது நான் பார்த்தேன்.

இந்த முறை கொத்தனார் ஒருவரைத் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். கல் கட்டடம், சிமெண்டுச் சாந்து. முடிந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. எங்கள் யாரையும் உள்ளே போக விடவில்லை. ஒரு கயிற்றுக் கட்டிலை எடுத்துப்போய் அந்த மூலைச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொண்டு, ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் அங்கேயே படுத்தார். "உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேனுங்க?" என்று பெரியம்மா அழுதார். "ஆகறதுன்னா எனக்கு ஆகட்டும். அதுக்கப்புறம்தான் குழந்தைக உள்ள போகோணும்" என்றார் பெரியப்பா.

சுவர் நின்றது. அந்தக் கட்டடத்துக்குள் கார் ஒரு நாளும் நுழையவில்லை. அது கடைசிவரை தெருவிலேயே நின்று, துருப்பிடித்த நிலையில் விலை போனது. பெரியப்பா தவணையில் தையல் மெஷின்கள் வாங்கி ஷெட்டுக்குள் போட்டார். அம்மா கம்பெனிகளிலிருந்து பனியன் பீஸ் வாங்கி அங்கே தைத்துக் கொடுக்கத் தொடங்கினார். பிறகு அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். என் திருமணமும் தம்பியின் படிப்பும் அந்த நாலு சுவருக்குள்ளிருந்து வந்தவை. அப்பா மேல் சுவர் விழுந்த இடத்தில் அமர்ந்து தைப்பது அம்மாவுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அம்மா அவரோடு மறுபடி பேசியது ஒரு சாதாரண நாளில்தான். அவசரமாக முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை இருந்தபோது விளக்கு அணைந்துவிட்டது. அம்மா வெளியே வந்து, "மாமா, ஃபியூஸ் போயிருச்சாட்டிருக்குது. பாருங்க" என்றார். பெரியப்பா கம்பியை எடுத்துக்கொண்டு வந்தார். திருகாணி கை தவறிக் கீழே விழுந்தது. அம்மாவே குனிந்து எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு தேவைக்குப் பேசிக்கொண்டார்கள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை.

கடைசி ஒரு வருடம் நெஞ்சுச்சளி அவரைப் படுக்கையில் தள்ளியது. பெரியம்மாவால் தனியாகத் தூக்க முடியாது என்பதால், காலையும் மாலையும் என் அம்மா ஒரு பக்கம் பிடித்து அவரை எழுப்பி உட்கார வைத்தார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். மன்னித்துவிட்டேன் என்று அம்மா சொல்லவில்லை. பெரியப்பாவும் அதைக் கேட்கவில்லை. நான் வாழ்க்கைப்பட்ட உடுமலையிலிருந்து வந்து சேர்வதற்குள் ஒரு விடியற்காலையில் அவர் உயிர் பிரிந்திருந்தது.

எங்கள் துயரத்தில் துணை நின்றவர்களுக்கு இங்கே நன்றி சொல்ல வேண்டும். அன்று செங்கல்லை அள்ளவும், பிறகு பெரியப்பாவைச் சுமக்கவும் வந்த நெசவுக்கார மாமாவின் குடும்பத்துக்கு. கூப்பிட்ட நேரத்தில் வந்து ஊசி போட்ட டாக்டருக்கு. தையலை நிறுத்திவிட்டு, கூலியும் வாங்காமல் வந்து சமையலைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு. கொமரலிங்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த பங்காளிகளுக்கு எங்கள் வணக்கம்.

அந்தப் பங்காளிகளில் பெரியவர் ஒருவர், பெரியப்பாவை எடுத்த அன்று ஒரு கேள்வி எழுப்பினார். பிள்ளை இல்லாதவருக்குக் கொள்ளி வைப்பது யார்? என் தம்பி முன்னால் வந்தபோது, "அவங்கப்பனுக்கு நடந்தது தெரிஞ்சும் இந்தப் பையனை வெக்கச் சொல்றது நாயமாங்க?" என்று கேட்டார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நெருப்புச் சட்டியைத் தம்பியின் கையில் கொடுத்தார்.

"இவன்தான் வெப்பான். இவனைப் பெத்தவருக்கு வெச்சப்ப இவனுக்கு ஒண்ணும் தெரியாது. வளத்தவருக்காச்சும் தெரிஞ்சு வெக்கட்டும்" என்றார்.