சும்மா இருந்தால் முழுத்தொகை

வேக்லி ஊரில் வீட்டு வண்டித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களை நடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பால் வாங்கக் கடைக்குப் போனால்கூட ஓட்டமும் நடையும்தான். சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் வைத்த அந்த நீள வண்டிகளைச் செய்கிற இடத்தில் மணிக்கணக்குச் சம்பளம் கிடையாது. எத்தனை வண்டி முடித்தார்களோ அத்தனைக்குத்தான் கூலி. விடிவதற்கு முன் தொடங்கி, நின்றபடியே எதையோ வாயில் போட்டுக்கொண்டு, மதியத்துக்குள் அன்றைய எண்ணிக்கையை முடித்துவிட்டு வீட்டுக்குப் பறப்பார்கள்.

லொரெட்டா ஸ்டிட்லர் அந்த ஓட்டத்தில் இருபத்தைந்து வருஷம் ஓடியவள். மெத்தை உறை, சோபா உறை, ஜன்னல் திரை எல்லாம் அவள் கையால் தைத்தவை. அவளுடைய தையல் மெஷின் நின்றால் பின்னால் நான்கு பேர் கத்துவார்கள். பெட்ரோல் விலை எகிறி, வண்டி வாங்க ஆளில்லாமல் போய், ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, "திங்கட்கிழமை வர வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரையை உருவிவிட்டார்கள்.

கணவன் வெண்டல் இறந்து நாலு வருஷம் ஆகிறது. மிச்சம் இருப்பது மாடியோடு கூடிய ஒரு வெள்ளை வீடு, அதன் மேல் வங்கிக் கடன். மகன் டேரல் டெக்சஸில் இருக்கிறான். நல்ல பையன்தான். வாரம் தவறாமல் போன் பண்ணி, "அம்மா, கராஜை ரூமாக்கிட்டேன். ஏசிகூட போட்டாச்சு. வந்துடும்மா" என்பான். அதைக் கேட்டாலே லொரெட்டா பேச்சை மாற்றிவிடுவாள். மருமகள் வீட்டு கராஜில், கார் நின்ற இடத்தில், தானும் ஒரு பழைய காராக நிற்பதா? இந்த வீட்டை விட்டுப் போகக்கூடாது. அவளுக்கு இருந்த ஒரே பிடிவாதம் அதுதான்.

அந்த வீட்டை இதுவரை தாங்கியது வேலையில்லாதோர் உதவித்தொகை. முதல் அரை வருஷம் மாநிலம் தந்தது. அதற்குள் ஊரில் வேலை முளைக்கவில்லை. பிறகு மத்திய அரசின் நீட்டிப்பு. அது தீர்ந்ததும் இன்னொரு நீட்டிப்பு. ஒவ்வொரு முறையும் வாஷிங்டனில் நாடாளுமன்றத்தார் கை தூக்கினால்தான் அடுத்தது. ஊரே செய்தி பார்க்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

தொகை வந்தது, சரி. கையை என்ன செய்வது? ஜன்னல் திரைகளைப் பிரித்து மறுபடி தைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போனபோது அவர் கூரை ஓரத்துத் தகர வாய்க்காலில் அடைத்திருந்த இலைகளையெல்லாம் ஏணி போட்டு அள்ளினாள். திரும்பி வந்தவர் திருடன் புகுந்துவிட்டான் என்று பயந்தே போனார்! இந்தத் தவிப்பைப் பார்த்துத்தான் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து கூப்பிட்டார்கள். யாராவது லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் மாற்று ஆள். லொரெட்டா பறந்து போனாள். உதவித்தொகைக்கு வாரந்தோறும் போன் பண்ண வேண்டும், "இந்த வாரம் வேலை பார்த்தீர்களா?" என்று ஒரு பதிவுக் குரல் கேட்கும். ஆமாம் என்றால் ஒன்றை அழுத்த வேண்டும். ஊரில் எல்லோரும் அந்த எண்ணைப் பார்த்தாலே பயந்தார்கள். லொரெட்டா மட்டும் பெருமையோடு அழுத்தினாள். சம்பாதித்ததைச் சொன்னாள். அதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார்கள். நியாயம்தானே?

2010 வசந்தத்தில், வழக்கமாக வருவதில் மூன்றில் ஒரு பங்குதான் வங்கியில் விழுந்தது. ஏதோ தப்பு என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனாள். வரிசையில் நிற்க முடியாமல் நடந்துகொண்டே இருந்தாள். கடைசியில் ஃபெல்ட்னர் என்ற அலுவலர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மேடம், போன வருஷம் எங்கயாவது வேலை பாத்தீங்களா?"

"பாத்தேனே! பள்ளிக்கூடக் கிச்சன்ல. ஒரு நாளைக்கூட மறைக்கல. வாரா வாரம் சொல்லியிருக்கேன்."

"அதான் பிரச்சனை."

"சொன்னதா?"

"வேலை பாத்ததே. இருங்க, சொல்றேன். உங்களுக்கு வந்துட்டிருந்தது தொழிற்சாலைச் சம்பளத்தை வெச்சுப் போட்ட தொகை. அதுக்குத்தான் நீட்டிப்பு. ஆனா வருஷம் முடிஞ்சா, இவங்களுக்குப் புதுசா ஒரு உதவித்தொகை தொடங்க முடியுமான்னு பாக்கணும். அதான் சட்டம். வேலையே பாக்காதவங்களுக்குத் தொடங்க முடியாது. அவங்களுக்குப் பழசு அப்படியே ஓடும். உங்களுக்கு முடியும். பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாம் சேந்து, புதுசு தொடங்கத் தேவையான எல்லையைத் தொட்டுடுச்சு. அதனால புதுசைத்தான் தர முடியும். அது பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு ஏத்த மாதிரி பொடிசு."

"அப்ப என் பழசு?"

"எங்கயும் போகல. பூட்டி வெச்சிருக்கு. இந்தப் பொடிசு முழுசாத் தீந்தாத்தான் திறக்கும். நீட்டிப்புச் சட்டம் ஜூன் வரைக்கும்தான். அதுக்குள்ள இது தீராம, வாஷிங்டன்ல அதையே மூடிட்டா..." அவர் கையை விரித்தார்.

லொரெட்டா மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் வீட்டுல கால் நீட்டி டிவி பாத்துட்டு இருந்திருந்தா?"

ஃபெல்ட்னர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "முழுத்தொகை வந்திருக்கும், மேடம்."

வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஒரு மனுஷி ஓடி ஓடி வேலை செய்ததற்கு இப்படி ஒரு தண்டனை உண்டா!

மார்வாவிடம் சொன்னபோது அவள் சிரித்தே விட்டாள். மார்வா அதே தொழிற்சாலையில் மெத்தைக்கு நுரைப்பஞ்சு வெட்டியவள், லொரெட்டாவோடு ஒரே வெள்ளிக்கிழமை வெளியே வந்தவள். சும்மா இருப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. சலவைக் கடைக்கு மேலே ஒரு வாடகை வீட்டில் உட்கார்ந்து, ஆயிரம் துண்டு படப்புதிர்களைச் சேர்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு முழு நீட்டிப்பும் வந்துகொண்டிருந்தது.

"அப்பவே சொன்னேன்ல, உக்காருடின்னு? உனக்குப் பின்னாடி முள்ளு இருக்கு."

"நான் என்னடி தப்புப் பண்ணினேன்?"

"தப்பே பண்ணல. அதான் தப்பு. இப்பவாவது கேளு. வாயை மூடிக்கிட்டு உக்காந்திரு. பொடிசு தீரட்டும், பழசு திறக்கும். நடுவுல எங்கயாவது வேலைக்குப் போனேன்னு வெச்சுக்க, கூலியைக் கழிச்சுக் கழிச்சுத் தருவான், பொடிசு தீரவே தீராது. ஜூன்ல வாஷிங்டன்காரன் கதவைச் சாத்துவான், நீ டெக்சஸ்ல கார் கழுவிட்டு இருப்ப."

கணக்கு சரிதான். லொரெட்டா உட்கார்ந்தாள். அதாவது, உட்கார முயற்சி செய்தாள்.

அடுத்த வாரம் மார்வா காபி குடிக்க வந்திருந்தபோது போன் அடித்தது. லொரெட்டா எழுந்திருப்பதற்குள் பதிவு மெஷின் எடுத்துக்கொண்டது. பள்ளிச் சமையலறையை நடத்தும் மிஸஸ் யோடரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"லொரெட்டா, நான்தான். நம்ம கிச்சன் பெவ்வுக்கு இடுப்பு ஆபரேஷன். கோடை லீவு வரைக்கும் தினமும் ஆள் வேணும். உங்களைத்தான் நம்பியிருக்கேன். கூப்பிடுங்க."

லொரெட்டாவின் கை போனை நோக்கி நீண்டது. மார்வா குறுக்கே பாய்ந்தாள்.

"எடுக்காதே!"

"கொடுத்த வேலையை வேண்டாம்னு சொன்னா உள்ளதும் போயிடும்டி. வாரா வாரம் அதையும் கேக்கறாங்க."

"நீ எங்க வேண்டாம்னு சொன்ன? மெஷின்தான் கேட்டுச்சு, நீ கேக்கல. கேக்காததை எப்படி மறுக்க முடியும்?"

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

"படிச்சிருந்தா எனக்கும் வேலை பாக்க வேண்டியிருந்திருக்கும்."

அன்றிலிருந்து லொரெட்டா தன் வீட்டுப் போனுக்கே பயந்து வாழ்ந்தாள். மணி அடித்தால் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்கு ஓடினாள். புல் வெட்டிய இடத்திலேயே மறுபடி வெட்டினாள். சாலையில் போகிற, கார் ஓட்டாத ஆமிஷ் சபைக்காரர்களின் குதிரை வண்டிச் சத்தம்கூட மிஸஸ் யோடர் வருவதுபோலக் கேட்டது. வேலை வேண்டும் வேண்டும் என்று அலைந்த உடம்பு, வேலை வந்து கதவைத் தட்டும்போது ஒளிந்துகொள்கிறது. இதைப் போய் யாரிடம் சொல்லி அழுவது?

சனிக்கிழமை மளிகைக் கடையில் திரும்பினால், எதிரே தள்ளுவண்டியோடு மிஸஸ் யோடர். லொரெட்டா சட்டென்று ஒரு அலமாரிக்குப் பின்னால் குனிந்தாள். முழங்கால் படக்கென்று சத்தம் போட்டது. வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டு அருகில் வந்து நின்றது.

"லொரெட்டா? என்ன தேடுறீங்க?"

"ஓட்ஸ்."

"இது நாய் பிஸ்கட்."

இருவரும் அந்தப் பொட்டலங்களைப் பார்த்தார்கள். லொரெட்டாவிடம் நாய் கிடையாது என்பது மிஸஸ் யோடருக்கும் தெரியும்.

"என் போன் வந்துச்சா?"

வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். மார்வா சொல்லிக் கொடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் எல்லாம் கொட்டியது. பொடிசு, பழசு, பூட்டு, வாஷிங்டன், கராஜ்.

"உங்க போனைப் பாத்து ஒளிஞ்சேன். இப்ப உங்களைப் பாத்தும் ஒளிஞ்சேன். வெக்கமா இருக்கு. ஆனா வீடு போயிடும்."

மிஸஸ் யோடர் சரிந்திருந்த ஒரு பொட்டலத்தை நேராக்கி வைத்தார். "எனக்கு அந்தக் கணக்கெல்லாம் புரியல. கோடைக்கு அப்புறம் வேலை உண்டுன்னு பொய்யும் சொல்ல மாட்டேன். திங்கக்கிழமை நானூறு பிள்ளைங்க தட்டைத் தூக்கிட்டு வரும். கிச்சன்ல நானும் ஷெர்லியும்தான். ஷெர்லி நேத்து கறியைத் தீய விட்டுட்டா. நீங்க முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, வேற ஆள் பாக்கறேன்."

"எத்தனை மணிக்கு வரணும்?"

கேட்டது தன் வாய்தான் என்பது லொரெட்டாவுக்குச் சொன்ன பிறகே தெரிந்தது. நீட்டிப்பு, பூட்டு, ஜூன் மாதம், எதுவும் அந்த நிமிஷத்தில் ஞாபகம் இல்லை. நானூறு தட்டு, தீய்ந்த கறி, இரண்டே பேர். எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது என்று மனசு அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது.

காரில் ஏறிய பிறகுதான் கணக்குப் போட்டாள். சமையலறைச் சம்பளம் பொடிசைவிடக் கொஞ்சம் அதிகம். வீட்டுக் கடனுக்குப் போதாது. நேராக மார்வா வீட்டுக்குப் போனாள்.

மார்வா படப்புதிரில் ஒரு கலங்கரை விளக்கத்துக்கு வானம் சேர்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கையிலிருந்த நீலத் துண்டை மேஜைமேல் எறிந்தாள்.

"பைத்தியமே! முழுப் பைத்தியம்! வீட்டை எதை வெச்சுக் கட்டுவ?"

"நீ இந்தப் பொந்துக்கு வாடகை எவ்வளவு கொடுக்கற?"

"ஏன்?"

"என் மாடி ரூம் சும்மாத்தான கிடக்கு. அங்க வந்துடு, அந்த வாடகையை எனக்குக் கொடு."

மார்வா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் சும்மா உக்காந்து வாங்கற காசுல, நீ வேலைக்குப் போற வீடு நிக்கணுமா?"

"ஆமா."

"ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். கீழ சலவை மெஷின் சத்தம் இருக்காது. ஜன்னல்ல வெயில் வரும். உன் புதிரை விரிக்க வெண்டலோட பெரிய மேஜை இருக்கு."

மார்வா நகத்தைக் கடித்தாள். பேசியபோது கிண்டல் இல்லை. "என் நீட்டிப்பும் கடைசிக் கட்டத்துல இருக்கு லொரெட்டா. இதுக்கு மேல இன்னொண்ணு கிடையாது. அது நின்னா?"

லொரெட்டா அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் இரண்டு முறை நடந்தாள்.

"நின்னா ரெண்டு பேரும் டெக்சஸ் போவோம். பாவம் டேரல், ஒருத்திக்குத்தான் ஏசி போட்டிருக்கான்."

மார்வா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கால் சிரித்தாள். அதற்குள் லொரெட்டா மார்வாவின் மெத்தை விரிப்பை உருவிச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், இன்னிக்கேவா? மாசம் முடியட்டும்டி!"

"திங்கக்கிழமையிலேர்ந்து எனக்கு வேலை இருக்கு. அந்தப் பக்கம் பிடி."

மெத்தை படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. கீழே லொரெட்டா, மேலே மார்வா. இரண்டு வருஷமாக ஒரு துரும்பைத் தூக்காத மார்வாவுக்கு இரைத்தது. தான் வெட்டிய நுரைப்பஞ்சு இவ்வளவு கனமா என்று மெத்தையைத் திட்டினாள்.

"தூக்குடி," என்றாள் லொரெட்டா. "இன்னும் கொஞ்சம். தூக்கு."