முடிவு சொல்லாத ஓர்வில்

மனைவி இறந்தபிறகு ஓர்வில் டெஸ்டாலின் வீட்டில் தொலைபேசி ஓயாமல் அடித்தது இந்த இரண்டு மாதம்தான். கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் தேர்வு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நெருங்க, போட்டியிட்ட நான்கு பேரின் ஆட்களும் தினமும் கூப்பிட்டார்கள். "இன்னும் முடிவு பண்ணல" என்பார் அவர். யாருக்கு யார் துணை ஜனாதிபதியாகப் பொருந்துவார் என்று மணிக்கணக்கில் அலசுவார். நவம்பரிலேயே ஆளைத் தீர்மானித்துவிட்டதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

தேர்வு நாளன்று கட்சிக்காரர்கள் பள்ளிக்கூட அரங்கில் கூடினார்கள். வேட்பாளருக்கு ஒரு மூலை. பிடித்தவரின் மூலையில் போய் நிற்பதுதான் ஓட்டு. நடுவில் நின்ற ஓர்விலை எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்க பக்கம் வாங்க ஓர்வில், கேக் வச்சிருக்கேன்" என்றாள் பக்கத்துப் பண்ணை மார்லிஸ்.

"உங்காளு துணைக்கு யாரைப் போடுவாரு? அதைச் சொல்லு முதல்ல."

"ஏம்ப்பா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறப்பகூட நீ இவ்வளவு யோசிக்கலியே!" என்றார் பழைய சிநேகிதர் டுவேன். அரங்கமே சிரித்தது. ஓர்விலும் சிரித்தார்.

நேரம் முடிந்தது. வேறு வழியில்லாமல், நவம்பரிலேயே தீர்மானித்திருந்த ஆளின் மூலைக்கு, மார்லிஸின் பக்கம் போனார். கைதட்டினார்கள். அவள் உடனே அடுத்த ஆளை இழுக்க ஓடிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம்வரை ஒரு அழைப்பாவது வருமா என்று பொறுத்துப் பார்த்துவிட்டு, ஓர்வில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். லைன் நன்றாகத்தான் இருந்தது.