ஏரியல் கம்பத்துக் குரல்

நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அன்று அந்த அறையில் நான் இருந்தேன். அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் காது கெட்டுப்போகாது.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி ஒரு மணி நேரம் ஏறி நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும்.

முதலில் 1982ஐச் சொல்ல வேண்டும். அந்த வருடம்தான் எங்கள் லயத்துக்கு டிவி வந்தது. கங்காணி முத்துலிங்கம் வீட்டில். லயத்தில் அப்போது கரண்ட் கிடையாது. கார் பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி தீர்ந்தால் தலவாக்கலைக்குத் தூக்கிக்கொண்டு போய் சார்ஜ் போட்டு வரவேண்டும். ஏரியலை ஒரு நீள மூங்கிலில் கட்டி, வீட்டுக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தியில் நட்டிருந்தார்கள். மலைக் காற்றுக்கு மூங்கில் திரும்பிக்கொள்ளும். உடனே படம் போய்விடும். அதனால் நல்ல நிகழ்ச்சி என்றால் ஒரு ஆள் வெளியே நின்று கம்பத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆள் கொஞ்சம் திருப்பிவிட்டு "தெரியுதா?" என்று கத்தும். உள்ளே இருக்கிற அத்தனை பேரும் "தெரியுது" என்றோ "போச்சு, போச்சு" என்றோ கத்துவோம்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. லயத்தில் விளக்கு வைக்கிற நேரத்தில் வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் உடனே பதில் சொல்லக் கூடாது. மூன்று தரம் கூப்பிடட்டும், கூப்பிடுவது மனித ஆள்தான் என்று தெரிந்த பிறகு பார்க்கலாம் என்று இருப்போம். இந்து வீடு, வேதக்காரக் கிறிஸ்தவ வீடு என்று இதில் வித்தியாசம் இல்லை. ஏரியல் வந்த பிறகு அந்தப் பழக்கம் யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போனது. "தெரியுதா" என்று குரல் வந்தால் போதும், யார் எவர் என்று பார்க்காமல் வாய் தானாகப் பதில் சொல்லும்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், மாலை ஆறரைக்கு ஒரு பாட்டுக் கார்ட்டூன் போட்டார்கள். முழுக்க இங்கிலீஷ். ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஏதோ ஒரு குளிர் ஊர். அந்த ஊர் மணிக்கூண்டுக்கு ஊமை பிடித்துவிடுகிறது. ஒரு கரடி, ஒரு முயல், ஒரு நொண்டி வாத்து மூன்றும் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போய், தொலைந்த மணிச்சத்தத்தைத் தேடுகின்றன. இவ்வளவுதான் கதை. எங்களுக்கு அது தேவலோகம். திரை பூராவும் வெள்ளைப் புள்ளி கொட்டிக்கொண்டே இருந்தது. ஏரியல் கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஊரில் பனி அப்படிக் கொட்டுகிறது என்று நினைத்து நாங்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டோம்.

வெளியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது என் அக்கா டோரீன். அவளுக்குப் பதினைந்து வயது. எனக்குப் பதினொன்று. அவள்தான் உயரம் என்று அம்மா அனுப்பியிருந்தாள். அந்த ஒரு மணி நேரமும் பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

"தெரியுதா…?"

"தெரியுது!"

பொங்கலுக்கு முன்பே அக்காவைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பினார்கள். வெள்ளவத்தையில் ஒரு ஆசிரியர் வீடு. நல்ல மனிதர்கள்தான். அந்த 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்பு எரிந்தது. செப்டம்பரில் அப்பா தேடிக்கொண்டு போனார். அந்த இடத்தில் கரிபிடித்த சுவர் மட்டும் நின்றதாம். பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு ஆறு வருடம் ஒரு தகவலும் இல்லை. அழுகை எல்லாம் முதல் வருடத்தோடு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்ததைத் துக்கம் என்று சொல்ல முடியாது. காலைக் குளிரில் கொழுந்து பறித்தால் விரல் மரத்துப்போகுமே, வெட்டுப்பட்டாலும் தெரியாதே, அப்படி வீடே மரத்துப்போயிருந்தது. செத்தவர்களுக்கு வைக்கிற ஆத்துமப் பூசையை வைத்துவிடலாம் என்று அப்பா வருடா வருடம் சொல்வார். அம்மா மாட்டேன் என்பாள். அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"எல்லாரும் உள்ள குந்திப் பாத்தோம். எம் புள்ளய மட்டும் குளிருல நிறுத்தி வச்சேன். ஒரு படங்கூட பாக்காமப் போயிட்டா."

இனி 1989.

எனக்குப் பதினெட்டு வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை ஹட்டனில் ஒரு வீடியோக் கடைக்கு முன்னால் பஸ்ஸுக்கு நின்றேன். உள்ளே யாரோ ஒரு கேசட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரடிப் பாட்டு கேட்டது. ஏழு வருடத்துக்குப் பிறகும் மெட்டு அப்படியே நெஞ்சில் இருந்தது. வீட்டில் வந்து சொன்னேன். அதை எடுத்துக்கொண்டு வா, டோரீனுக்காக நான் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிறு வீடியோ டெக்கையும் கேசட்டையும் வாடகைக்கு எடுத்து வந்தேன். எங்கள் லயம் பெக்டரிக்கு அடுத்தது என்பதால் இரண்டு வருடத்துக்கு முன்பே கரண்ட் கிடைத்திருந்தது. டிவி, கங்காணி விற்ற அதே பழைய டிவி. கம்பத்தையும் சேர்த்து வாங்கி எங்கள் பாத்தியில்தான் நட்டிருந்தோம். ஆனால் ஜூன் மாதக் காற்றில் அது முறிந்து விழுந்துவிட்டது. மூங்கிலை அம்மா அடுப்பில் வைத்து எரித்தும் விட்டாள். பாத்தியில் ஒரு குழி மட்டும்தான் இருந்தது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அன்று வெளியே கம்பமே கிடையாது.

பகல்தான். நாலு மணிக்கு ஆரம்பித்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பனிமூட்டம் முன்வாசல் இஸ்தோப்பு வரைக்கும் வந்து நின்றது.

படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. இதற்கா வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்? ஒரே வீடு ஒரே ஜன்னலோடு மூன்று தரம் வந்து போனது. கரடிக்குக் கிருதாவும் பெரிய பெல்பாட்டமும். வாய் ஒரு பக்கம் அசைகிறது, பாட்டு ஒரு பக்கம் போகிறது. பனி என்று நாங்கள் நினைத்ததெல்லாம் பனியே இல்லை. கேசட்டில் வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. அம்மா மட்டும் கண் இமைக்காமல் பார்த்தாள்.

பாதிப் படத்தில், வாத்து மணிக்கூண்டில் ஏறும் இடத்தில், திரை ஆடியது.

வெள்ளைப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. முதலில் ஓரத்தில். பிறகு பூராவும். 1982இல் விழுந்த மாதிரியே.

அப்பா எழுந்து டெக்கைத் தட்டினார். வயரை அழுத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

அப்போது… வீட்டுக்குப் பின்னாலிருந்து…

"தெரியுதா…?"

"இல்ல" என்றேன்.

நான்தான் சொன்னேன். யோசிக்கவே இல்லை. வாய் சொல்லிவிட்டது.

திரையில் படம் மெல்ல ஒரு பக்கமாக இழுபட்டது. நின்றது. கொஞ்சம் தெளிந்தது.

"தெரியுதா…?"

அப்பா என்னைப் பார்த்தார். பின்னால் அடுப்பிருக்கும் குசினிப் பக்கம் போய்க் கதவைத் திறந்தார். வெளியே பனிமூட்டம். லீக்ஸ் நட்ட மரக்கறிப் பாத்தி. குழி. குழியில் மழைத் தண்ணீர். ஒரு ஆளும் இல்லை.

கதவைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு வந்தார்.

"யாரும் இல்ல" என்றார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை.

"தெரியுதா…?"

அதே இடம். அதே தூரம். பதினைந்து வயதுப் பெண்ணின் குரல்.

அக்கா இருந்திருந்தால் அவளுக்கு இருபத்திரண்டு வயது. இந்தக் குரலுக்கு வயது ஏறவில்லை.

மூன்று தரம் ஆகிவிட்டது.

அம்மா எழுந்தாள். முகத்தில் பயம் இல்லை. அழுகையும் இல்லை.

"தெரியுதுடி டோரீனு. நல்லாத் தெரியுது. நின்னது போதும். உள்ள வா."

புள்ளிகள் நின்றன.

படம் கண்ணாடிபோல ஆனது.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. ஆனால்… ஈர மண் வாடை வந்தது. என் முதுகுக்குப் பின்னால் குளிர்ந்தது. ஈரத் துணியோடு ஒருவர் உட்காருவதுபோல, சரக் என்று ஒரு சத்தம்.

நான் திரும்பவில்லை.

அப்பா திரும்பவில்லை.

பயமா என்றால், அதுவும் இல்லை. உடம்பில் எதுவுமே இல்லை. வாத்து பாடியது. மணி அடித்தது. படம் முடிந்தது. நாலு ஐம்பத்தைந்து.

விளக்கைப் போட்டுப் பார்த்தோம். குசினிக் கதவோரம், தரையில், ஒரு ஆள் குந்தியிருக்கும் அளவுக்கு ஈரம். கொண்டி போட்டது போட்டபடி இருந்தது.

மறுநாள் காலையிலும் அந்த ஈரம் இருந்தது. துடைத்தோம். அதற்கடுத்த நாளும் இருந்தது. கூரை ஒழுகுகிறதா என்று அப்பா ஏறிப் பார்த்தார். தகரத்தில் ஓட்டை இல்லை.

அம்மா மட்டும் மாறிவிட்டாள். ஆறு வருடமாகத் தூங்காதவள் தூங்கினாள். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள், இனிப் பூசை வைக்கலாம் என்று அவளே சொன்னாள். நவம்பரில் வரும் ஆத்துமாக்கள் திருநாளுக்குப் பங்குச் சாமியாரிடம் பேசி வைத்தோம். தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் முதல் பிடியை ஒரு தட்டில் போட்டு அந்தக் கதவோரம் வைப்பாள். நாம் வேதக்காரர்கள், நமக்குப் படையல் எதற்கு என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா காதில் வாங்கவில்லை. காலையில் சோறு அப்படியே இருக்கும். நனைந்து இருக்கும். எனக்கும் அது பழகிவிட்டது. கூட்டும்போது அந்த இடத்தைச் சுற்றிக் கூட்டுவேன்.

அக்டோபர் கடைசியில், ஒரு பகல் நேரம், ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு படி ஏறி வந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். நெற்றியில் ஒரு தழும்பு.

டோரீன்.

உயிரோடு.

கலவரத்தில் அந்த ஆசிரியர் குடும்பத்தோடு முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் வடக்கே போயிருக்கிறாள். பிறகு வவுனியாவில் கலியாணம். எத்தனையோ கடிதம் போட்டாளாம். லயத்துக்குத் தபால் நேராக வராது, தோட்ட ஆபிஸ் வழியாகத்தான் வரவேண்டும். ஒன்றுகூட எங்கள் கைக்கு வரவில்லை. அம்மா அவள் கையை, காதை, கால் விரலை எல்லாம் தொட்டுப் பார்த்தாள். அப்பா வெளியே போய் நின்று அழுதார். எனக்குச் சந்தோஷம் வந்தது. ஆனால் மெதுவாக, வலியோடு வந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அம்மாவின் வாயில் அந்தப் பழைய பேச்சு வந்தது. அன்று உன்னை வெளியே நிறுத்திவிட்டேனே, ஒன்றையும் பார்க்க விடவில்லையே என்று.

அக்கா சிரித்தாள்.

"நான் எல்லாத்தையும் பாத்தேன்மா. குளிரு தாங்கல. கம்பத்த கம்பியால வேலில இறுக்கிக் கட்டிட்டு ஆரம்பத்துலயே உள்ள வந்துட்டேன். நீங்க ஏசுவீங்கன்னு உங்க எல்லாருக்கும் பின்னால இருட்டுல நின்னேன்."

கரடிப் பாட்டை முனகிக் காட்டினாள். வாத்து மணிக்கூண்டில் ஏறியதைச் சொன்னாள். ஒன்றும் பிசகில்லை.

"அப்ப வெளிய இருந்து கேட்டது யாரு?" என்றேன்.

"லெட்சுமின்னுல்ல நெனச்சேன்."

லெட்சுமி கங்காணியின் மகள். அன்று முழுக்க என் பக்கத்தில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். வெளியே ஒருவரும் இல்லை.

அம்மா குசினிக் கதவோரம் பார்த்தாள். அக்காவின் பிள்ளை அங்கே தவழ்ந்து போய், ஈரத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் போய்த் தூக்கி வந்தேன்.

அன்று ராத்திரி அம்மா எல்லோருக்கும் சோறு போட்டாள். பிறகு வழக்கம்போல இன்னொரு தட்டை எடுத்தாள். இனி எதற்கு என்று அப்பா கேட்டார்.

"உள்ள வான்னு நாமதானே கூப்புட்டோம்" என்றாள் அம்மா. தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.